மகள், வேலையை விடுறதுக்கு முதல் இதை வாசி

மகள்,

நேத்து நீ கோல் எடுக்கேக்க அப்பா பக்கத்தில இருந்தவர், அதான் நான் பெரிசா ஒண்டும் கதைக்கேல்ல. இப்ப அவர் மரைன் டிரைவ் பக்கம் நடக்கப் போட்டார், போன்லதான் தட்டுறன், பிழை இருந்தா நீயே திருத்தி வாசி.

நீ லண்டன்ல அக்கவுண்ட்ஸ் வேலையை விட்டிட்டு நேர்சிங் படிக்கப் போறன் எண்டு சொன்னது எனக்கு விருப்பம்தான். பென்ஷன் எடுக்கும் வரைக்கும் நேர்ஸா வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டவள் வேண்டாம் எண்டு சொன்னா நல்லாயிருக்குமா. ஆனா அக்கவுண்ட்ஸ் அலுத்துப் போச்சு எண்டு போறியா, இல்லை இந்த வேலைதான் வேணும் எண்டு போறியா, அது எனக்கு இன்னும் விளங்கேல்ல. அலுப்பு எண்டா வேற கம்பனிக்கு மாறினாலே காணும், அதுக்காக நைட் ஷிப்ட்டுக்குள்ள போய் விழாத.

அதால இப்ப வேலையை விடாத. சனி ஞாயிறில ஆஸ்பத்திரியில நேர்சுக்கு உதவி செய்யிற ஹெல்த்கெயார் அசிஸ்டன்டா பேங்க் ஷிப்ட் எடு, அதான் ஆள் தேவைப்படேக்க மட்டும் கூப்பிடுற வேலை, இல்லாட்டி வீட்டுக்குக் கிட்ட வயசானவையைப் பாக்கிற கெயார் ஹோம் ஒண்டில கேள், ரெண்டு மூண்டு மாசம் செய்து பார். எழும்பேலாம கிடக்கிற ஒரு பெரிய ஆம்பிளைய ஒரு பக்கம் திருப்பி, முதுகு துடைச்சு, ஊத்தை ஷீட்டைப் பாதி சுருட்டி முதுகோட ஒட்டி வச்சு, புதுசைப் பக்கத்தில விரிச்சு, பிறகு மற்றப் பக்கம் திருப்பி அதை இழுத்து எடுக்கோணும், அவ்வளவு நேரமும் டவலால மூடிக்கொண்டு அந்த மனுசனுக்கு வெக்கம் வராம ஏதாவது ஊர்க்கதை கதைச்சுக்கொண்டே செய்யோணும். அருவருப்பு எல்லாருக்கும் வரும், முதல் கிழமை எனக்கும் சாப்பாடு இறங்கேல்ல. செய்து முடிச்சாப்பிறகு அந்த ஆள் காஞ்ச ஷீட்டில கண்ணை மூடிப் படுத்திருக்கிறதைப் பாக்க உனக்கு உள்ளுக்க ஏதாவது செய்யுதா, அதைத்தான் நான் அறிய வேணும்.

நீ அனுப்பினதெல்லாம் வாசிச்சன். அந்த நேர்சிங் அசோசியேட் வழி உனக்குப் பிடிச்சிருக்கு போல, 2 வருசம், அப்ரண்டிஸா சேர்ந்தா சம்பளத்தோட படிக்கலாம் எண்டு. எனக்குப் பிடிக்கேல்ல. அவை நேர்சுக்கு ஒரு படி கீழ நிக்கிற ஆக்கள், 2019இல இருந்துதான் அவையளை ரெஜிஸ்டர் பண்ணீனம், பிறகு முழு நேர்ஸ் ஆகோணும் எண்டா மேல படிக்கோணும். மாசச் சம்பளம் நிண்டா வீடே நிண்டு போற ஆக்களுக்கு அது நல்ல வழிதான், நான் குறை சொல்லேல்ல. ஆனா கையில ஒரு டிகிரிய வச்சுக்கொண்டு 36 வயசில நீ ஏன் சுத்திப் போறாய். டிகிரி இருக்கிறவைக்கு நேர்சிங்கில 2 வருச மாஸ்டர்ஸ் இருக்கு, முன்னம் படிச்சதையும் அனுபவத்தையும் கணக்கெடுத்துத்தான் அதைச் சுருக்கிறவை, அதால ஆக்களைப் பராமரிச்ச மணித்தியாலம் காட்டச் சொல்லிக் கேப்பினம், நான் சொன்ன சனி ஞாயிறு வேலை அங்கயும் உதவும். சில யூனிவர்சிட்டி எந்த டிகிரியும் எடுக்கும், சிலது சயன்ஸ் கேக்கும், ஒவ்வொண்டா மெயில் போட்டுக் கேள். கிடைக்காட்டி 3 வருச டிகிரி. அதில பாதி, 2300 மணித்தியாலம், வகுப்பில படிக்கிறதில்லை, பிளேஸ்மென்ட், அதான் வார்ட்டில நிண்டு வேலை பழகிறது. மாஸ்டர்ஸில கொஞ்சம் கழிச்சாலும் மிச்சத்தை நெருக்கி முடிக்கோணும், லீவு எண்டு பெரிசா ஒண்டும் பாக்காத. சின்னவனோட நான் வந்து நிப்பன், ஆனா விசிட் விசாவில 6 மாசத்துக்கு மேல நிக்க விடமாட்டினம், மிச்ச நாளுக்கு மருமகனோட இப்பவே கதைச்சு முடிவெடு.

ரெண்டாவது டிகிரிக்கு லோன் இல்லை எண்டு மருமகன் சொன்னவரெல்லே, நேர்சிங்குக்கு அதில விலக்கு இருக்கு எண்டு சொல்லு. லோனை விட வருசம் 5000 பவுண் என்எச்எஸ், அதான் உங்கட அரசாங்க வைத்திய சேவை, குடுக்குது, திருப்பிக் கட்டத் தேவையில்லை, பிள்ளை இருக்கிறவைக்கு மேல 2000. லண்டன்ல அது வீட்டுக் கடனுக்கு எத்தனை மாசம் காணும் எண்டு நீயே கணக்குப் போடு, நீதானே அக்கவுண்டன்ட்.

எனக்கு யோசினை வேற ஒண்டு. இங்க இலங்கையில நாங்கள் எல்லாத்தையும் பொதுவாப் படிச்சம், மெடிக்கல், சேர்ஜிக்கல், பிள்ளை வார்ட், அங்கொடை மனநல ஆஸ்பத்திரி எண்டு மாத்தி மாத்தி அனுப்பினவை, பிறகுதான் ஆருக்கு எது சரிவரும் எண்டு தெரிஞ்சது. உங்கட பக்கம் அப்ளை பண்ணேக்கயே பெரியாக்களா, பிள்ளைகளா, மென்டல் ஹெல்த்தா, லேர்னிங் டிசபிலிட்டியா எண்டு சொல்லோணும். நீ மென்டல் ஹெல்த் எண்டனீ, அதுக்கு இன்னொரு 1000 பவுண் கூடக் கிடைக்கும் எண்டும் சொன்னனீ. கோவிக்காத, ஒரு ஆள் ஒரே கதையை மூண்டாம் தரம் சொன்னா நீ போனைப் பாக்கிற ஆள். அங்க ஊசியும் டிரெஸ்ஸிங்கும் குறைவு, அந்த மூண்டாம் தரக் கதையைக் கேக்கிறதுதான் வேலையே. நீ கைவேலைக்காரி, கணக்குக்காரி, பெரியாக்களைப் பாக்கிற அடல்ட் நேர்சிங் எடு.

கணக்கு எண்டோண்ண ஞாபகம் வருது. டொக்டர் நோவுக்குப் போடுற பெத்தடின் ஊசி 75 மில்லிகிராம் எண்டு எழுதியிருப்பார், குப்பியில 2 மில்லிக்குள்ள 100 மில்லிகிராம் கிடக்கும், அப்ப ஒண்டரை மில்லி இழுக்கோணும். பகல்ல சின்னப் பிள்ளையும் சொல்லும். விடியக்காலம் மூண்டு மணிக்கு, அடுத்த கட்டில்காரர் சத்தி எடுத்துக்கொண்டிருக்கேக்க அதைப் பிழையில்லாமப் போடோணும். அங்க மருந்துக் கணக்குச் சோதனையில 100க்கு 100 எடுத்தாத்தான் பாஸாமே, 99 எண்டாலும் பெயில். அது சரியான சட்டம். உனக்கு அது பயமில்லை எண்டு எனக்குத் தெரியும்.

உன்ர மாமியை வெள்ளவத்தை மார்க்கெட்டில கண்டன். அக்கவுண்டன்டாப் படிச்ச பிள்ளை நோயாளியளின்ர மலச்சட்டி தூக்கப் போகுதாம் எண்டா. நீங்கள் ஒப்பரேஷன் செய்து கிடக்கேக்க உங்களுக்கு ஆர் தூக்கினது எண்டு கேட்டன், கதை அதோட முடிஞ்சுது, மீன் விலை கதைச்சம். வயசைப் பற்றியும் யோசிக்காத, இங்க அரசாங்க நேர்சிங் ஸ்கூலுக்கு உன்ர வயசில அப்ளிகேஷனே போடேலாது, அங்க அந்த எல்லை இல்லை.

அப்பாட்ட நான் கதைக்கிறன், அவருக்குக் காசைப் பற்றிக் கவலையில்லை, நைட் முடிச்சு நித்திரைக் கண்ணோட நீ கார் ஓடுறதுதான் கவலை. முதல் வருசம் பஸ்ஸில போறன் எண்டு சொல்லு, அடங்கிடுவார்.

டிகிரிக்குப் போறதெண்டா யூகாஸ்ல, அதான் யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணுற இடத்தில, ஜனவரியில போடோணும், பிந்தாத. ஏன் படிக்க விருப்பம் எண்டு எழுதுற பெர்சனல் ஸ்டேட்மென்டை முதல் எனக்கு அனுப்பு. சின்ன வயசில இருந்தே மற்றவைக்கு உதவி செய்ய விருப்பம் எண்டு தொடங்கினியெண்டா நான் மேல வாசிக்க மாட்டன், கெயார் ஹோம்ல ஆரை எப்பிடித் திருப்பிப் படுக்க வச்சனீ எண்டு எழுது.

அம்மா