நாற்பது நாள் எரு

கிணத்துக்கடவு
ஞாயிறு காலை

அன்புள்ள அம்மிணிக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ அழுதபோது அம்மா "விடு கண்ணு, சரியாயிரும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு மனசு ஆறவில்லை. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

நீயும் உன் கூட்டாளிகளும் ஹாஸ்டல் குப்பையில் செய்து விற்கிற உரத்தை வாங்கிய அந்த மாடித்தோட்டக்காரம்மாவின் மிளகாய்ச் செடி மஞ்சளடித்துப்போனதற்கு அந்த உரம்தான் காரணமாக இருக்கும். நாற்பது நாளில் சலித்து மூட்டை பிடித்துவிட்டோம் என்று நீயே சொன்னாய். மக்காத குப்பை மண்ணுக்குள் போனால், அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் தங்கள் பசிக்கு மண்ணில் இருக்கிற தழைச்சத்தை (நைட்ரஜனை) முதலில் எடுத்துக்கொள்ளும். செடிக்கு மிச்சம் இருக்காது, இலை வெளுக்கும். போதாததற்கு உங்களுடையது ஹாஸ்டல் மெஸ் குப்பை. காய்கறித் தோலோடு சாம்பார் சாதமும் ஊறுகாயும் சேர்ந்து வருகிறது. அந்த உப்பு தொட்டிச் செடியின் வேரைச் சுடும். வயல்காட்டில் போட்டால் மழை கழுவிவிடும். தொட்டியில் எங்கே போகும்?

2014-ல் நானும் இந்த அடி வாங்கியிருக்கிறேன். அப்போது நீ சின்னப் பிள்ளை. விலை குறைவு என்று ஒரு லோடு கம்போஸ்ட் இறக்கினேன். கறுப்பாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே கதகதவென்று சூடு. இன்னும் மக்கி முடியவில்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஒன்றரை ஏக்கர் தக்காளி, நட்ட பதினைந்தாம் நாள் நாற்று அப்படியே குன்றி நின்றது. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக இருந்தது, கூடவே ஷாம்பு பாக்கெட் துண்டுகள். விற்றவரைக் கூப்பிட்டேன், போனையே எடுக்கவில்லை. பணம் போனதைவிட அதுதான் வலித்தது. இன்றைக்கும் யார் கம்போஸ்ட் என்றாலும் முதலில் சந்தேகம்தான் வருகிறது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான்.

அதனால் நீ அந்தம்மாவின் போனை எடு. முடிந்தால் நேரிலேயே போ. காசைத் திருப்பிக் கொடு, அந்தத் தொட்டிகளுக்குப் புது மண் மாற்றிக் கொடு. அந்த வாரம் வாங்கிய மற்றவர்களுக்கும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

உன் பாட்டி கட்டுத்தரைச் சாணத்தையும் கூளத்தையும் குழியில் போட்டு, ஒரு வருஷம் கழித்துச் சித்திரையில்தான் அள்ள விடுவாள். மக்காததை அள்ளினால் வேர்ப்புழு வரும் என்று சண்டைக்கு வருவாள். அவ்வளவு நாள் உங்களால் முடியாது, தெரியும். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற வெள்ளைக்காரர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, காய்ந்த சருகும் சாணமும் மண்ணும் சாம்பலும் அடுக்கடுக்காகப் போட்டு, புரட்டிவிட்டு எரு செய்யும் முறையை வகுத்தார். அவருக்கே மூன்று மாதம் ஆனது. நீங்கள் நாற்பது நாளில் எடுத்தால் எப்படி?

நீங்கள் கலந்துகொள்கிற போட்டி முடிவதற்குள் விற்பனைக் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறாய். சரி, அந்த அவசரம் புரிகிறது. ஆனால் செடிக்கு உங்கள் போட்டித் தேதி தெரியாது, அம்மிணி. கலிஃபோர்னியாவில் 2009-ல் காபித்தூள் சக்கையில் காளான் வளர்த்த இரண்டு மாணவர்கள் கதையை நீதானே எனக்கு அனுப்பினாய்? பத்து வாளியில் ஒன்றுதான் முளைத்தது. அந்த ஒன்றைத்தான் கடைக்கு எடுத்துப் போனார்கள். நீங்களும் நன்றாக ஆனதை மட்டும் விற்றால் போதும்.

அடுத்த குவியலுக்கு இப்படிச் செய்து பார். சமைத்த சோறு குறைவாக, காய்ந்த இலையும் தென்னை நார்க்கழிவும் தாராளமாக. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுத்தான் வர வேண்டும்; ஒழுகினால் உள்ளே காற்றுப் போகாமல் நாற்றமெடுக்கும். சூடு முழுக்க அடங்கிய பிறகும் ஒரு மாதம் சும்மா கிடக்கட்டும். அப்புறம் அதில் கொஞ்சம் எடுத்து நனைத்துக் கவரில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வை. பிரித்தால் முதல் மழை மண் வாசம் வர வேண்டும். நெடி மூக்கில் ஏறினால் இன்னும் ஆகவில்லை. அந்த எருவில் கொஞ்சம் வெந்தயமும் விதைத்துப் பார், வெறும் மண்ணில் முளைப்பது போல முளைக்கிறதா என்று. மூட்டை மேல் குவித்த தேதியையும் சலித்த தேதியையும் எழுதுங்கள்.

இன்னொன்று. மெஸ்ஸில் பிளாஸ்டிக்கைப் பிரித்துத் தருகிற அக்காவுக்கு இதுவரை நன்றி மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள் போல. உங்கள் தொழிலில் பாதி வேலை அவர்களுடையது. முதல் வருமானத்தில் அவர்களுக்குச் சம்பளம் போடு.

அம்மா முறுக்கு அனுப்புகிறாள். பொங்கலுக்கு வரும்போது ஆறின எரு இரண்டு மூட்டை கொண்டு வா. கிணற்றடியில் இரண்டு வரிசை கத்தரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு நம் கட்டுத்தரை எரு, ஒன்றுக்கு உன்னுடையது.

அன்புடன்,
அப்பா