சுருளை ஓட்டிப் பார்க்காமல் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

கலிபோர்னியாவில் பெர்க்லி நகராட்சி 1922-இல் தொடங்கிய டுவாலமி குடும்ப முகாம், 2013 ஆகஸ்டில் ‘ரிம்’ காட்டுத்தீயில் பெரும்பகுதி எரிந்துபோனது. 2022-இல் புதிதாகக் கட்டித் திறந்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பழைய குடில்களையும் ஆற்றில் ஆட்டம் போட்ட பிள்ளைகளையும் இனிப் பார்க்க வேண்டுமானால், பரணில் கிடக்கும் 8 மி.மீ. சினிமா ஃபிலிம் சுருள்களும் ஸ்லைடுகளும்தான் கதி. அவற்றைக் கணினியில் ஏற்றக் கைகொடுத்த எல்லாருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி, ஆசையை அடக்கிக்கொண்டு சுருளை அப்படியே கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கு. ஐம்பது வருஷத்து அசிட்டேட் (ஒருவகை பிளாஸ்டிக்) ஃபிலிம் சுருங்கியிருக்கும். நூற்றில் ஒரு பங்கு சுருங்கினாலே புரொஜெக்டரின் கொக்கி ஓட்டையில் சரியாக விழாது, விளிம்பு கிழியும். படம் நடுவில் சிக்கி நின்றால் விளக்குச் சூட்டில் அந்த இடமே பொசுங்கிவிடும். பல்சக்கரம் இல்லாத, வெறும் உருளைகளில் ஓடும் ஸ்கேனரைத் தந்து உதவியவருக்கு இந்த இடத்திலேயே ஒரு கும்பிடு.

டப்பா டப்பாவாக மோந்து பார்த்துப் பிரித்தவரின் மூக்குக்கும் நன்றி. வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த அமில ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். குளிரில் வைத்தால் சிதைவு மெதுவாகுமே தவிர, பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால்தான் அவற்றைத் தனியே எடுத்து, மூடியைத் தளர்த்தி, முதலில் ஸ்கேன் செய்தோம்.

ஒட்டுப் போட்டவர்களின் பொறுமை தனி. பழைய ஒட்டுநாடாவின் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உரித்துப் புது நாடா போட்டு, இரு முனையிலும் மூன்றடி வெள்ளை ஃபிலிம் சேர்த்தார்கள். துடைத்தது நூல் பிரியாத உலர்ந்த துணியால் மட்டுமே. படம் பதிந்திருப்பது ஜெலட்டினில். தண்ணீர் பட்டால் ஊறிவிடும்.

வருஷம் கண்டுபிடித்தது பெரியவர்கள். கோடாக் ஃபிலிமின் விளிம்பில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறி இருக்கும். அது ஃபிலிம் தயாரான ஆண்டைச் சொல்லும். ஆனால் இருபது ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும். 1953-ஆ, 1973-ஆ என்ற வழக்கைத் தீர்த்தது பின்னால் நின்ற கார்தான். ஸ்லைடு அட்டையில் அச்சான மாதமோ கழுவிய மாதம். அக்டோபர் என்றிருந்தாலும் படம் ஜூலையில் எடுத்ததாக இருக்கலாம்.

வேகத்தைத் திருத்தியவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். 8 மி.மீ. ஃபிலிமில் ஒரு வகையான சூப்பர் 8-இன் ஐம்பதடிச் சுருள், நொடிக்கு 18 படம் என்ற கணக்கில் 3 நிமிஷம் 20 நொடி ஓட வேண்டும். 24 என்று வைத்தால் இரண்டரை நிமிஷத்தில் முடிந்து, பிள்ளைகளெல்லாம் கோமாளிகள்போல் ஓடுவார்கள்.

கழுவாத கோடாக்ரோம் என்ற கோடாக் வண்ண ஃபிலிமைக் கொடுத்தவர்களிடம் ஒரு வருத்தம். அதைக் கழுவிய கடைசி ஆய்வகம் 2010 இறுதியோடு சுருள் வாங்குவதை நிறுத்திவிட்டது. இனி கறுப்பு வெள்ளையில் ஏதாவது தேறினால் உண்டு, வண்ணம் வராது.

மூலச் சுருள்களை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கணினியில் ஏறிவிட்டதே என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். பரண் வேண்டாம், சூடும் ஈரமும் படாத அலமாரியாகப் பாருங்கள். வினிகர் வாடை அடித்த டப்பாக்களில் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறோம். அவற்றை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.