ஒலிப்பதிவு அறை: பூச்சு வேலைக்கு முன்பே முடிவெடுக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புது வீடு கட்டும்போதே பாடவும் பேசவும் இசை பதியவும் ஓர் அறையை ஒதுக்குபவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை, பெயின்ட் அடித்து முடித்த பிறகு சுவரில் என்ன ஒட்டலாம் என்பதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் ஒலி உள்ளே நிற்குமா, வெளியே போகுமா என்பது அதற்கு வெகு முன்பே, செங்கல் அடுக்கி முடிக்கும்போதே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. பிறகு சரிசெய்வதென்றால் இடித்துத்தான் ஆக வேண்டும்.

ஃபோம், கனத்த துணி, முட்டை அட்டை போன்றவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவே. காற்று ஊடுருவும் லேசான பொருள் எதுவும் பக்கத்து அறைக்குப் போகும் ஒலியைத் தடுக்காது. தெர்மாகோல் வெப்பத்துக்கு நல்லது, ஒலிக்கு உதவாது. அதைச் சுவரில் ஒட்டி மேலே பூச்சு பூசினால், விறைப்பான அந்த அடுக்கு சுருள்வில் போல வேலை செய்து, சில அதிர்வெண்களில் வெறும் சுவரைவிட அதிக ஒலியை விட்டுவிடும். ஒலியை நிறுத்துபவை எடை, காற்றுப் புகாத அடைப்பு, ஒன்றையொன்று தொடாத இரண்டு சுவர்கள் ஆகிய மூன்றுதான்.

எவ்வளவு தடுக்க வேண்டும் என்பதை முதலில் கணக்கிடுங்கள். இரவில் அமைதியான படுக்கையறையில் ஒலி 30 டெசிபல் அளவில் இருக்கும். பேச்சும் மென்மையான பாட்டும் 75 டெசிபலை ஒட்டி இருக்கும். டிரம்ஸ் 100-ஐத் தாண்டும். இருபுறமும் பூசிய 230 மி.மீ. செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. ஏறக்குறைய 50 டெசிபல் குறைக்கும். ஆகவே குரல் பதிவு மட்டும் என்றால் அந்தச் சுவரே போதும்; பணத்தைக் கதவிலும் ஜன்னலிலும் காற்று வழியிலும் போடுங்கள். டிரம்ஸ், பேஸ் கிட்டார் என்றால் அது போதாது. சுவரின் கனத்தை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது 5 அல்லது 6 டெசிபல்தான் என்பதால், அறைக்குள் இன்னோர் அறை கட்டுவதே வழி.

இப்போது பரவலாகப் பயன்படும் லேசான ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த கான்கிரீட் கட்டி), 200 மி.மீ. கனத்திலும் சதுர மீட்டருக்கு 130 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். வீடு முழுவதும் அதிலேயே கட்டினாலும், இந்த ஓர் அறையின் சுவர்களை மட்டும் செங்கல்லிலோ திடமான கான்கிரீட் கட்டியிலோ எழுப்பச் சொல்லுங்கள். கூடுதல் எடையை அடியில் உள்ள உத்திரம் தாங்குமா என்பதைக் கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டும்.

கொத்து வேலையில் கவனிக்க வேண்டியவை சின்னச் சின்ன இடங்கள். செங்கற்களுக்கு இடையிலான செங்குத்துச் சந்துகளில் கலவை முழுமையாக நிரம்ப வேண்டும். சாரக் கழி செருகிய ஓட்டைகளை உடைந்த கல்லைச் செருகி மேலே பூசிவிடுவது வழக்கம்; உள்ளே வெற்றிடம் அப்படியே நிற்கும். அவற்றைக் கலவை திணித்து அடைக்க வேண்டும். சுவரின் கடைசி வரிசைக்கும் மேலே உள்ள உத்திரத்துக்கும் நடுவில் உள்ள சந்தும் இப்படித்தான். பூச்சு, ஃபால்ஸ் சீலிங் மட்டத்தோடு நின்றுவிடாமல் மேல்தளத்தைத் தொடும் வரை போக வேண்டும். ஒயரிங் பைப்புக்காகச் சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் காடி வெட்டினால், அந்த இடத்தில் பாதிச் சுவர்தான் மிஞ்சும். தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் இந்த அறைச் சுவர்களுக்குள் போகவே கூடாது.

அளவுகளை உள்ளிருந்து வெளியே கணக்கிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான அறை தாழ்ந்த சுருதிகளைக் கெடுத்துவிடும். 3 மீட்டர் கனசதுர அறையில் மூன்று திசைகளின் முதல் ஒத்ததிர்வும் (அறையே சேர்ந்து முழங்கும் அதிர்வெண்) 57 ஹெர்ட்ஸிலேயே, அதாவது நொடிக்கு 57 அதிர்விலேயே விழும்; அந்த ஒரு சுருதி மட்டும் முழங்கும். 1 : 1.4 : 1.9 விகிதம் நல்லது. 2.7 மீட்டர் உயரம் என்றால் 3.8 மீட்டர் அகலம், 5.1 மீட்டர் நீளம். உள் அறையின் சுவர், அதாவது உள்சுவர், இடைவெளியோடு சேர்த்து ஒவ்வொரு பக்கமும் 12.5 செ.மீ. எடுத்துக்கொள்ளும் என்பதால், செங்கல் சுவர்களுக்கு இடையே 4.05 × 5.35 மீட்டர் வேண்டும். தரையிலிருந்து மேல்தளத்தின் அடிவரை 3 மீட்டருக்குக் குறையக் கூடாது. வரைபடம் ஒப்புதலுக்குப் போகும் முன்பே சொல்ல வேண்டிய அளவுகள் இவை.

உள்சுவர் என்பது செங்கல்லைத் தொடாமல் நிற்கும் சட்டகம். அதன் அறைப்பக்கம் மட்டும் இரண்டு அடுக்கு 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு. இரண்டு அடுக்கும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 17 கிலோ வரும். இந்தப் போர்டும் செங்கல் சுவரும் நடுவிலுள்ள காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒன்றாக ஆடும். அந்த அதிர்வெண்ணை ஒட்டித் தடுப்பு மோசமாகும். அதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கைத் தாண்டிய பிறகுதான் இரட்டைச் சுவரின் பலன் தெரியும். செங்கல்லுக்கும் போர்டுக்கும் இடைவெளி 2.5 செ.மீ. என்றால் அந்த ஆடும் அதிர்வெண் 94 ஹெர்ட்ஸ், 5 செ.மீ. என்றால் 66, 10 செ.மீ. என்றால் 47. அந்த 10 செ.மீ. இடைவெளியிலேயே மூன்றாவது அடுக்கு போர்டு சேர்த்தால் 39. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இடத்தை மிச்சப்படுத்த 2.5 செ.மீ. இடைவெளியோடு போர்டு அடித்தவர்களின் அறையில் பேச்சு நன்றாக அடங்கி, தாளம் மட்டும் வீடெங்கும் கேட்பதற்கு இதுதான் காரணம். இடைவெளிக்காக விடும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் பயனுள்ளது.

இன்னொரு தவறு, அக்கறையோடு செய்யப்படுவதாலேயே வருத்தம் தருவது: சட்டகத்தின் இரண்டு பக்கமும் போர்டு அடிப்பது. செங்கல், போர்டு, போர்டு என மூன்று அடுக்காகிவிடும். ஒரு பெரிய இடைவெளி இரண்டு சிறிய இடைவெளிகளாகப் பிரிந்து, ஆடும் அதிர்வெண் மேலே ஏறும். பொருள் கூடுதல், தாழ்ந்த சுருதியில் தடுப்பு குறைவு. அந்தப் போர்டுகளை அறைப்பக்கத்துக்கே கொண்டுவந்து அடுக்கினால் நிச்சயம் பலன் உண்டு.

சட்டகத்தின் அடிச் சேனலுக்குக் கீழே 6 முதல் 10 மி.மீ. நியோப்ரீன் ரப்பர் பட்டை போட வேண்டும். தரையில் போல்ட் அடித்தால் அதற்கும் ரப்பர் புஷ் வேண்டும். இல்லாவிட்டால் அந்த போல்ட்டே அதிர்வைத் தரைக்குக் கடத்தும். சுவர் சாயாமல் இருக்க மேலே தரும் பிடிமானமும் ரப்பர் வைத்த பிராக்கெட்டாகவே இருக்கட்டும். ரப்பரின் கடினத்தை அது தாங்கும் சுமைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுமை குறைந்தால் அமுங்காது, கூடினால் நசுங்கிவிடும். இரண்டிலும் பலன் இல்லை. வேலை நடக்கும்போது இடைவெளிக்குள் விழும் கலவைக் கட்டி, தவறி நீண்டுவிட்ட ஒரே ஒரு திருகு, இவை இரண்டு சுவர்களையும் இணைத்துத் தடுப்பைக் குறைத்துவிடும். மூடுவதற்கு முன் டார்ச் அடித்து முழுச் சுற்றும் பார்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

உள்சீலிங் மேல்தளத்திலிருந்து சாதாரணக் கம்பியில் தொங்கக் கூடாது. உள்சுவர்கள் மீது உட்கார வேண்டும். மேலே சொன்ன அளவு அறைக்குச் சீலிங் மட்டுமே, சட்டகத்தோடு சேர்த்து, அரை டன்னை நெருங்கும். பிரிப்புச் சுவருக்கு வரும் அரை மி.மீ. தகட்டு ஸ்டட் (சட்டகத்தின் செங்குத்துக் கால்) இதைத் தாங்காது. கனத்த எஃகுச் சட்டமோ பதப்படுத்திய மரமோ வேண்டும். தொங்கவிட்டே ஆக வேண்டும் என்றால் சுருள்வில் ஹேங்கர் போடலாம். சுமையில் 25 மி.மீ. அமுங்கும் வில்லின் இயல்பு அதிர்வெண் 3 ஹெர்ட்ஸ் அளவுதான் என்பதால் அது நன்றாகவே பிரித்து வைக்கும்.

இடைவெளியில் கன மீட்டருக்கு 48 கிலோ அளவிலான ராக் வூல் (பாறை இழைப் பஞ்சு) அல்லது அதைவிட லேசான கிளாஸ் வூலை (கண்ணாடி இழைப் பஞ்சு) நிரப்புங்கள். திணித்து இறுக்க வேண்டாம். ஸ்பிரே செய்யும் பாலியூரிதேன் ஃபோம் கெட்டியாகி இரண்டு சுவர்களையும் ஒட்டிவிடும். தீப்பிடித்தால் நச்சுப் புகையும் தரும். பூச்சு நன்றாகக் காய்வதற்குள் மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்; வெளிச்சுவரில் நீர்க்கசிவு இருந்தால் அதையும் முதலில் தீர்த்துவிட வேண்டும். ராக் வூல் கையாளுபவர்களுக்கு முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

இந்த அறையின் உள்சுவரும் சீலிங்கும் சேர்த்து 67 சதுர மீட்டர். இரண்டு அடுக்குக்கு 1.2 × 2.4 மீட்டர் போர்டு 47 வேண்டும். சேதாரத்தோடு 52 வாங்கலாம். முதல் அடுக்கின் இணைப்புகள் மேல் இரண்டாம் அடுக்கின் இணைப்புகள் விழக் கூடாது. போர்டைத் தரையில் முட்டவைக்காமல் 6 மி.மீ. சந்து விட்டு, கெட்டியாகாத அக்கூஸ்டிக் சீலன்ட் (ஒலி புகாமல் சந்தை அடைக்கும் பசை) இடுங்கள். மூலைகளிலும் சீலிங் ஓரத்திலும் இதே முறைதான், அடுக்குக்கு அடுக்கு. 300 மி.லி. குழல் ஒன்று இந்தச் சந்தில் 8 மீட்டர் போகும். ஓரங்களுக்கு மட்டும் 12 குழல். கதவு, ஜன்னல், பைப் எல்லாம் சேர்த்து 20. பெயின்டுக்கு முன் பூசும் வால் புட்டியை வைத்து அடைத்தால் காய்ந்து விரிசல் விடும்.

சந்து விஷயத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். 10 சதுர மீட்டர் சுவரில் 90 செ.மீ. அகலக் கதவு, அதன் அடியில் 1 செ.மீ. சந்து. திறந்த பரப்பு, மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 50 டெசிபல் தடுக்கும் சுவர் அந்தச் சந்தால் 30 டெசிபலுக்கு இறங்கிவிடும்.

ஆகவே உள்ளீடற்ற ஃபிளஷ் கதவு கூடாது. 45 மி.மீ. திடக் கதவு இரண்டு: ஒன்று செங்கல் சுவரின் நிலையில், மற்றது உள்சுவரின் நிலையில். இரண்டு நிலைகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சுற்றிலும் ரப்பர் சீல், அடியில் கதவை மூடும்போது தானே இறங்கும் சீல், எடைக்கு ஏற்ப நான்கு கீல். ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே ஒலியும் வரும்.

ஜன்னல் வேண்டுமென்றால் திறக்காத லேமினேட்டட் கண்ணாடி (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) இரண்டு, 6 மி.மீ., 10 மி.மீ. என வெவ்வேறு கனத்தில், செங்கல் சுவரில் ஒன்று, உள்சுவரில் ஒன்று. கண்ணாடியைச் சாய்த்து வைப்பது கண்கூச்சத்தைக் குறைக்கும், தடுப்பைக் கூட்டாது.

அதிகம் மறக்கப்படுவது மூச்சுக் காற்று. இவ்வளவு அடைத்த அறையில் ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுற்றவிடும். புதிய காற்று தராது. கதவை மூடிக்கொண்டு மூன்று பேர் வேலை செய்தால் தலைவலியும் சோர்வும் வரும், பிறகு கதவைத் திறந்துவைத்தே பதிவு செய்வார்கள். ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் என்று வைத்தால் மூவருக்கு 30 லிட்டர். காற்று இரையாமல் இருக்க வேகம் நொடிக்கு 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்குக் குழாயின் வாய் 200 சதுர செ.மீ., அதாவது 10 × 20 செ.மீ. வேண்டும். உள்ளே வர ஒன்று, வெளியேற ஒன்று. ஒவ்வொரு வழியிலும் வெளிச்சுவருக்கு ஒன்று, உள்சுவருக்கு ஒன்று எனச் சைலன்சர் பெட்டி, அதாவது காற்றை விட்டு ஒலியை அடக்கும் பெட்டி. இரண்டு அடுக்கு 18 மி.மீ. பிளைவுட்டில் பெட்டி செய்து, உள்ளே 25 மி.மீ. ஒலி உறிஞ்சும் அடுக்கு ஒட்டி, காற்று இரண்டு மூன்று முறை திரும்பிப் போகும்படி தடுப்புகள் வையுங்கள். பெட்டிக்குள் காற்று வழி, குழாயைவிட இரு மடங்கு அகலமாக இருக்கட்டும். லேசான தகரத்தில் பெட்டி செய்தால் சுவரில் ஓட்டை போட்டதற்குச் சமம். ஃபேன் அறைக்கு வெளியே தள்ளி இருக்க வேண்டும். இதற்கான திறப்புகளைக் கொத்து வேலையிலேயே விட்டுவிடுங்கள்.

மின் வேலையில் உள்சுவரைக் குடைந்து சுவிட்ச் பெட்டி பதிக்காமல், போர்டின் மேலேயே கேசிங் (ஒயர் செல்லும் மூடிய பட்டை) ஓட்டிப் பெட்டிகளை அதன்மேல் பொருத்துங்கள். சுவரைக் கடக்கும் பைப் ஒன்றே ஒன்று. இடைவெளியில் மட்டும் வளையும் பைப். ஒயர் இழுத்த பிறகு பைப்பின் வாயையும் சீலன்ட்டால் அடைக்க வேண்டும்; வெளிப்புறம் மட்டும் அடைத்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். ஏசியின் வடிகுழாயில் தண்ணீர் நிற்கும் வளைவு தேவை.

இரண்டாம் அடுக்கு போர்டு ஏறும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, சுவருக்கு அப்பால் பலமான விளக்கைப் பிடித்தால் சந்து இருக்கும் இடம் தெரியும். பிறகு ஸ்பீக்கரில் பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்களும் கலந்த இரைச்சல்) ஓடவிட்டு, கதவுகளை மூடி, வெளியே சுவரோரமாகவும் நிலையோரமாகவும் காது வைத்து நடந்து பாருங்கள். கேட்கும் இடத்தில் சாக்பீஸால் குறியிட்டு, அடைத்து, மீண்டும் கேளுங்கள். அந்தக் குறிகள் எல்லாம் தீர்ந்த பிறகே அடுத்த அடுக்கை ஏற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவு அறைக் கட்டுமானத்தில் பணிபுரிவோர்