துவர்த்தால் மட்டமா?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த பிரெஞ்சு ஒயின் கட்டுரையைப் படித்தேன். போர்தோ, புர்கோஞ் என்ற பேர்போன ஒயின் பகுதிகளைத் தாண்டி அதில் வேறு ஊரே இல்லை, போகட்டும். துவர்க்கும் சிவப்பு ஒயின் மட்டமானது என்று எழுதியிருந்ததைத்தான் ஏற்க முடியவில்லை.

புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சுக் கடற்படையில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பின் தூலோனிலேயே தங்கிவிட்டவன் நான். பக்கத்திலேயே ஒயினுக்குப் பேர்போன பாந்தோல். அங்குள்ள தொமேன் தாம்பியே என்ற ஒயின் தோட்டம், 1834 முதல் ஒரே குடும்பத்தின் சொத்து. ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் அந்த ஒயினைச் சுவைக்க வைக்காமல் அனுப்புவதில்லை.

அங்கே முக்கியத் திராட்சை மூர்வேத்ர். தோல் தடித்தது, தாமதமாகப் பழுப்பது, வெயிலுக்கு ஏங்குவது. 19ஆம் நூற்றாண்டில் ஃபிலோக்ஸெரா பூச்சி கொடிகளை அழித்த பிறகு, பலரும் அதிக விளைச்சல் தரும் ரகங்களுக்கு மாறிவிட்டார்கள். மூர்வேத்ரைத் திரும்ப நட வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் தாம்பியே வீட்டு மருமகன் லூசியென் பேரோ. 1941இல் பாந்தோல் ஒயினுக்கு, ஊர்ப் பெயரைப் பாதுகாக்கும் தனி அங்கீகாரம் கிடைத்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. இன்று பாந்தோல் சிவப்பு ஒயினில் பாதியாவது மூர்வேத்ர் இருந்தாக வேண்டும். 18 மாதமாவது அது மரப் பீப்பாயில் கிடந்தாக வேண்டும். சட்டம் அப்படி.

அந்தத் தோட்டத்தின் லா தூர்தீன் ஒயினை இளசாக வாயில் வைத்தால், நாவல்பழம் தின்றதுபோல் நாக்கு இழுத்துக்கொள்ளும், ஈறு உலரும். வீட்டுப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அவசரப்பட்டு விழுங்காமல், வாய் முழுக்கச் சுழற்றி, துப்பிவிட்டுச் சற்றுப் பொறுத்தால் கருநிறப் பழங்களின் வாசம் எழும். பின்னாலேயே காய்ந்த மூலிகை, மிளகு. அதே ஒயின் பத்துப் பன்னிரண்டு ஆண்டு கிடந்தால் துவர்ப்பு அடங்கி, ஈரமண்ணும் காளானும் மணக்கும். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கிய டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் அதை அத்தனை காலம் கெடாமல் தாங்குகிறது. தொடக்கத்திலேயே வழுவழுவென்று இறங்குவதை வாங்கிய அன்றே குடித்துவிடலாம். அதுவும் குற்றமில்லை, ஆனால் அதையே தர அளவுகோலாக்குவது அநியாயம்.

இன்னொன்று. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறச் சொல்கிறது கட்டுரை. மே மாதச் சென்னை அறையிலா? 16 முதல் 18 டிகிரி போதும். கோடையில் இங்கே நாங்களே புட்டியைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்துத்தான் எடுக்கிறோம்.

அடுத்த முறை எழுதுபவர், தான் சுவைத்தது எந்தத் தோட்டத்து ஒயின், எந்த ஆண்டு அறுவடை என்பதையாவது குறிப்பிடட்டும்.

ஒரு வாசகர்,
தூலோன், பிரான்ஸ்.