ஆறாம் நாள் வரட்டும் என்றா இருக்கிறீர்கள்?

எங்கள் கவுன்சிலின் மாற்றுப் பாடசாலை அனுமதிக் குழுவினருக்கு,

வணக்கம்.

என் மகனுடைய கோப்பு உங்களிடம் இருக்கிறது. அவன் என்ன செய்தான், இந்த வருடம் எத்தனை நாள் இடைநிறுத்தப்பட்டான் என்பதெல்லாம் அதில் இருக்கும். கதிரையைத் தூக்கி எறிந்த கதையும் இருக்கும். எறிந்தது உண்மை. யாரிலும் படவில்லை என்பதும் உண்மை; அது கோப்பில் இருக்கிறதோ தெரியாது.

ஆங்கிலத்தில் உங்களுக்கு ஏழு மின்னஞ்சல் போட்டுவிட்டேன். ஏழுக்கும் தானாக வரும் நன்றிப் பதில்தான் வந்தது. இந்த மடலின் ஆங்கிலப் படியும் உங்களுக்கு வரும். தமிழில் எழுதுவது, இதே வரிசையில் வாய் திறக்காமல் நிற்கும் எங்கடை ஆட்களும் வாசிக்கட்டும் என்றுதான்.

நான் கேட்பது ஒன்று. வழமையான பாடசாலையில் சமாளிக்க முடியாத பிள்ளைகளுக்கான உங்கள் மாற்றுப் பாடசாலையில் அவனுக்கு இடம் உண்டா, இல்லையா? எழுத்தில், ஒரு திகதியோடு சொல்லுங்கள்.

பதினொரு கிழமையாக அவனுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலப் படிப்பு. ஒன்பதுக்குப் போவான், பத்தரைக்கு அனுப்பிவிடுவார்கள். 'குறைந்த நேர அட்டவணை' என்று அதற்குப் பெயர். பிள்ளையின் நடத்தையைச் சமாளிக்க இப்படிச் செய்யக்கூடாது என்று அரசாங்கத்தின் வழிகாட்டியே சொல்கிறது. அதற்கு முதல், 'இன்றைக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போங்கோ, கொஞ்சம் ஆறட்டும்' என்று போன் வரும். பெற்றார் சம்மதித்தாலும் அப்படி அனுப்புவது சட்டத்துக்கு மாறானது என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான்.

பத்தரைக்குப் பிறகு அவன் எங்கே போவான்? மனைவிக்குப் பராமரிப்பு இல்லத்தில் பகல் வேலை. நான் கடையில். ஆகவே அவனும் கடையில். பின்னால் சாமான் அறையில் தண்ணீர்ப் போத்தல் கட்டுகளுக்கு மேல், சீருடையோடு இருப்பான். பாடசாலை கொடுத்துவிட்ட தாள்களை முதல் கிழமை செய்தான். அவற்றைத் திருத்த ஆள் இல்லை என்று கண்டதும் விட்டுவிட்டான். இப்போது எந்தப் பெட்டியில் எத்தனை பிஸ்கட் பக்கெற் என்பது மனப்பாடம். காலாவதித் திகதி பார்ப்பதில் என்னை விடக் கெட்டிக்காரன். மூன்றரைக்கு அவனுடைய வகுப்புப் பிள்ளைகள் சிப்ஸ் வாங்க வருவார்கள். மூன்று இருபதுக்கே எழும்பி அந்த அறைக் கதவை உள்ளால் பூட்டிவிடுவான். அவர்கள் போய்விட்டார்கள் என்று நான் இரண்டு தரம் தட்ட வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் இப்படி ஒரு ஏற்பாடு. உங்கள் படிவத்தில் இதை எழுத ஒரு கட்டமும் இல்லை.

உங்களுடைய வழியும் இப்போது எனக்குப் பழக்கம். நாங்கள் நேரே விண்ணப்பிக்க முடியாது. பாடசாலைதான் பரிந்துரைக்க வேண்டும். பாடசாலை 'அனுப்பிவிட்டோம், கவுன்சிலைக் கேளுங்கள்' என்கிறது. கவுன்சில் 'பாடசாலையைக் கேளுங்கள்' என்கிறது. மாதம் ஒருமுறை கூடுகிறீர்கள். முதல் கூட்டத்தில் கடதாசி ஒன்று குறைவு. இரண்டாவதில் இடம் இல்லை. மூன்றாவதில் நேரம் போதவில்லை.

இடம் ஏன் இல்லை என்பதும் விளங்குகிறது. நிரந்தரமாக வெளியேற்றப்பட்ட பிள்ளைக்கு ஆறாவது பாடசாலை நாளிலிருந்து முழுநேரக் கல்வி ஒழுங்கு செய்ய வேண்டியது உங்கள் கடமை. ஆகவே இருக்கிற இடம் முதலில் அவர்களுக்குப் போகிறது. அந்தப் பிள்ளைகளில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வெளியேற்றப்படாமல் காப்பாற்றத்தானே என் மகனைப் பரிந்துரைத்தார்கள்? அவன் கதிரையை எறிந்ததோடு நிறுத்திக்கொண்டதுதான் பிழையோ? இன்னும் பெரிதாக ஏதாவது செய்திருந்தால் இதற்குள் அவனுக்கு ஒரு மேசையும் ஆசிரியரும் கிடைத்திருக்கும். ஒரு தகப்பன் இரவில் படுத்திருந்து இப்படி யோசிக்கிற அளவுக்கு உங்கள் வரிசை இருக்கிறது.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 19ஆம் பிரிவை மூன்று தரம் வாசித்தேன். நோயால், வெளியேற்றத்தால், 'அல்லது வேறு காரணத்தால்' தகுந்த கல்வி கிடைக்காத பிள்ளைக்கு ஒழுங்கு செய்ய வேண்டியது உள்ளூராட்சியின் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. தண்ணீர்ப் போத்தல் கட்டில் இருப்பவன் அந்த 'வேறு காரணத்துக்குள்' வரமாட்டானா?

பாடசாலையில் ஒருவர், பெயர் வேண்டாம், 'வீட்டிலேயே படிப்பிக்கலாமே, நீங்களே எழுதிக் கொடுத்தால் சுலபம்' என்றார். யாருக்குச் சுலபம் என்று கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தால் அவன் பெயர் அவர்களுடைய பதிவிலிருந்து போய்விடும், அவ்வளவுதான். 2019இல் பாடசாலை வெளியேற்றங்களை ஆராய்ந்த டிம்ப்சன் அறிக்கை இந்தத் தந்திரத்தைப் பற்றியும் எழுதியது. அறிக்கைகள் வரும், போகும். எங்கடை ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கோயிலில் கண்டால் 'மகன் கிராமர் ஸ்கூலோ?' என்பார்கள். நானும் 'ஓம், படிக்கிறான்' என்று தேர் பார்க்கத் திரும்பிவிடுவேன். இப்படித் திரும்பிய தகப்பன்மார் எத்தனை பேரோ.

இதெல்லாம் உங்கள் குற்றம் இல்லை. கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். உங்கள் மாற்றுப் பாடசாலையைப் பார்க்க ஒருநாள் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். சிறிய வகுப்புகள். பின்பக்கம் சைக்கிள் திருத்தும் கொட்டில் ஒன்று. அங்கிருந்த ஆசிரியர் அவனிடம் கோப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ஸ்பானரை எடுத்துக் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் செயின் கழற்றுவது எப்படி என்று எனக்குப் படிப்பித்துக்கொண்டு வந்தான். பிறகு இரண்டு கிழமை 'எப்ப அப்பா?' என்று கேட்டான். இப்போது கேட்பதில்லை.

ஆகவே தயவுசெய்து, அடுத்த கூட்டத்தில் இவன் கோப்பை எடுங்கள். ஆம் என்றால் தொடங்கும் திகதியைத் தாருங்கள். இல்லை என்றால் காரணத்தையும், அதுவரை யார் அவனுக்குப் படிப்பிப்பார் என்பதையும் எழுதுங்கள். 'கவனத்தில் எடுத்துள்ளோம்' மட்டும் வேண்டாம்.

கடிதத்தைக் கடை முகவரிக்கே போடுங்கள். பகலில் நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் இருப்போம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தகப்பன்
லண்டன்