டெண்டர் நிபந்தனையிலேயே முடிவாகிவிடும் போட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. விதிப்படி 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்கு 15 நாள், அதற்கு மேல் 30 நாள் விண்ணப்பிக்க அவகாசம் தர வேண்டும். குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

ஆனால் வேண்டியவருக்கு வழிவிடுவது பெரும்பாலும் தகுதி நிபந்தனைகள்தான். சாலைப் பணிக்குத் தார்க்கலவை ஆலை இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். கலவை சூடு ஆறக்கூடாது என்பதால் அது நியாயமே. அதற்கான சான்றை உள்ளூர்ப் பொறியாளர்தான் தர வேண்டும் என்னும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. கையெழுத்தைக் கடைசி நாள்வரை இழுத்தடித்தாலே போட்டியாளர் வெளியேறிவிடுவார். சிறு பணிகளை ஒரே தொகுப்பாக்கினால், சிறு ஒப்பந்ததாரரால் விண்ணப்பத்தோடு கட்ட வேண்டிய பிணையான முன்வைப்புத் தொகையே கட்ட முடியாது. மிஞ்சும் இரண்டு விண்ணப்பங்களில் அந்தத் தொகைக்கான வரைவோலைகள் ஒரே வங்கிக் கிளையில் அடுத்தடுத்த எண்களில் இருந்தால், இரண்டையும் ஒருவரே எடுத்திருக்கலாம் என்று டெண்டரைத் திறக்கும் அதிகாரி அங்கேயே நிறுத்த வேண்டாமா?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு, அரசு ஒப்பந்தம் வைத்திருக்கும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரைத்தான் தகுதியிழக்கச் செய்கிறது. மனைவி, மகன், மைத்துனர் பெயரிலான நிறுவனத்தைத் தொடுவதில்லை. ஏலதாரரின் பங்குதாரர் பட்டியலையும், ஒப்புதல் தரும் அதிகாரி, அமைச்சரின் உறவுமுறை உறுதிமொழியையும் டெண்டர் இணையதளத்தில் பணி ஆணையோடு சேர்த்தே வெளியிடச் சட்டத்தைத் திருத்த வேண்டும். ஆலைச் சான்றுக்கு 3 நாள் கெடு வையுங்கள்.

- ஓய்வுபெற்ற பொறியாளர்கள் சிலர், திருச்சி