48 மணி நேரம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. வேலை நெருக்குகிறது என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சோதனை எப்படிப் போனாலும் குறிப்பேட்டை அன்றன்றைக்கே எழுதிவிடு.

இந்த வாரம் முதலாண்டு வகுப்பில் வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைப் பற்றிப் பாடம் நடத்தினேன். பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் இரைப்பைத் திசுவை வளர்த்துப் பார்த்தும் கிருமி வளர்க்கும் தட்டுகள் வெறுமையாகவே இருந்தன. 48 மணி நேரத்தில் எதுவும் தெரியாவிட்டால் கழித்துவிடுவது அந்த ஆய்வகத்தின் வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் எடுக்க ஆளின்றி இன்குபேட்டரிலேயே கிடந்த தட்டில்தான் அந்தக் கிருமி கூட்டமாக வளர்ந்து காலனியாகத் தெரிந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாக நடத்தும் பாடம்தான். இம்முறை பாதியில் எனக்குக் குரல் கம்மிவிட்டது.

நீலக்குடை அக்கா என்று நீ கூப்பிடுவாயே, என்னிடம் ஆய்வு செய்தவள், அவள் நினைவு வந்துவிட்டது. ஒருநாள் மாலை தட்டை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, கீறலின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குப் பனிபோல ஏதோ தெரிவதாகவும், இன்னும் மூன்று நாள் வைத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டாள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் நீராவியால் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டுவிடச் சொன்னேன். 121 டிகிரியில் தட்டும் அதிலிருந்த அகார்க் கூழும் ஒரே கட்டியாக உருகிய பையை அவளே கொண்டுபோய்ப் போட்டாள். அந்த ஆண்டே ஆய்வை விட்டுப் போய்விட்டாள். காசநோய்க் கிருமி வளர வாரக்கணக்கில் ஆகும் என்று ஆண்டுதோறும் பாடம் சொன்னவள் நான். அவளுக்கு மூன்று நாள் தரவில்லை.

நீ முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தபோது, என் துறையையே என் மகளும் எடுத்தாள் என்று துறை முழுவதும் சொல்லித் திரிந்தேன். இன்றும் அந்தப் பெருமை குறையவில்லை. ஆனாலும் பெற்றவளுக்கு ஒரு வரி எழுத நேரமில்லாமல் போகுமா? குறிப்பேட்டை அன்றன்றைக்கே எழுது என்று மறுபடியும் சொல்கிறேன்.

சென்ற மாதம் நீ பேசியபோது, எட்டு மாதமாக எதுவும் வளரவில்லை அம்மா என்றாய். ஒப்பிட்டுப் பார்க்கக் கன்ட்ரோல் தட்டு வைத்தாயா, ஊடகத்தின் அமிலத்தன்மையைச் சரிபார்த்தாயா என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். நீ சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி வைக்கிறேன் என்றாய். அப்போதும் நான் உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது, வகுப்பில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

குறிப்பேடு இருக்கட்டும். இரவில் தூக்கம் வருகிறதா என்று மட்டும் எழுது.

அம்மா